செல்லோக்காரியின் சோதனை வருஷம்

அவள் கணவர் பஸ் கண்டக்டர். அவள் வாசிக்கப் போகிற இசைக்குழுவிலும் ஒரு கண்டக்டர் உண்டு. எண்பது பேருக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை மேல் ஏறி நின்றுகொண்டு கையில் குச்சியை ஆட்டுகிறவர்.

"அங்கேயும் கண்டக்டர் பேச்சு, வீட்டுக்கு வந்தாலும் கண்டக்டர் பேச்சு. என் தலையெழுத்து" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

"அவர் குச்சியை ஆட்டினா எண்பது பேர்தான் கேப்பாங்க. நான் ஒரு விசில் அடிச்சா ரோடே நிக்கும், தெரியுமில்ல?" என்பார் கணவர்.

செல்லோ என்பது வயலினுக்குப் பெரியக்கா மாதிரி. தோளில் வைத்து வாசிக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லை இழுத்து வாசிக்க வேண்டும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கறுப்புப் பெட்டிக்குக் கால் முளைத்து நடப்பது போலிருக்கும். தெருவில் அவளுக்குப் பெயரே செல்லோக்காரிதான். வீட்டில் அந்த வாத்தியத்துக்குப் பெயர் செல்லம். "செல்லத்தைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க எங்க அண்ணி. பெத்த பிள்ளையைக்கூட இப்படித் தூக்கினதில்ல" என்று நாத்தனார் வாசல்வரை வந்து கேலி பேசுவாள்.

அந்த வாத்தியம் அவளிடம் வந்து சேர்ந்ததும் தற்செயல்தான். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாத்தியங்களை இரவல் கொடுத்தார்கள். முண்டியடித்த பிள்ளைகள் புல்லாங்குழலையும் வயலினையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூலையில் யாரும் சீந்தாமல் நின்றது செல்லோ. அவளும் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறவர், பின்னால் இடமிருந்தது. "ஏத்திக்கலாம் விடு" என்றார். அவ்வளவுதான். பல வருஷம் அவளுடைய செல்லோ உறையில் ரொட்டி வாசனை போகவே இல்லை.

அவள் தாத்தாவைப் போலக் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். எல்லாரும் நல்ல கறுப்பு. சங்கீத மண்டபமும் பெரிய கடைகளும் இருந்த மேற்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வெளுத்த நிறம். ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவார்கள். ஆனால் எந்த வேலைக்கு எந்த முகம் என்பது எல்லார் மனசிலும் எழுதி வைத்தது போல இருந்தது. பஸ் கண்டக்டர் என்றால் கறுத்த முகம் வரலாம். செல்லோ என்றால் வரக்கூடாது.

கல்யாண மண்டபங்களில் வாசித்தாள், ஹோட்டல் கூடத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தாள், வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் ரொம்ப அன்பாகக் கேட்பார்: "நீங்க மேளம் வாசிப்பீங்களா? உங்க ஆளுங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே ஊறினதாச்சே." அவளுக்குக் கையால் தாளம் போட வராது என்பதுதான் வேடிக்கை. மகளின் பள்ளி விழாவில் கை தட்டினால்கூடப் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டுவாள்.

நகரத்து இசைக்குழுவில் ஆள் எடுக்கும்போதெல்லாம் போய் வாசித்துக் காட்டினாள். முதல் சுற்றில் தேர்வாளர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் திரை கட்டியிருப்பார்கள். அந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் அவள் தேறினாள். கடைசிச் சுற்றில் திரை இருக்காது. அந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் தோற்றாள். "அடுத்த தடவை பாப்போம்" என்று கை குலுக்கி அனுப்புவார்கள்.

பிறகு வாத்தியக்காரர்களின் சங்கம் போராடி, கடைசிவரை திரை இருக்க வேண்டும் என்று விதியை மாற்ற வைத்தது. யார் வருகிறார் என்று செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் வேறு விரித்தார்கள். அந்த முறை அவள் வாசித்து முடித்ததும் திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. "இவங்கதான்" என்று ஒரு குரல். திரையை விலக்கினார்கள். அவளைப் பார்த்ததும் மேஜையின் நடுவில் இருந்த ஒருவர், "ஓ" என்றார்.

அந்த "ஓ"வை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் சொல்லிக் காட்டினாள்.

"சந்தோஷ ஓ-வா? அதிர்ச்சி ஓ-வா?" என்று கேட்டார் கணவர்.

"தப்பான பஸ்ல ஏறிட்டோம்னு தெரிஞ்சதும் சொல்வாங்களே, அந்த ஓ."

"அப்படின்னா எனக்குத் தெரியும். தினமும் கேக்கறேன்" என்றார் அவர். வீடே சிரித்தது. வேலை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அன்று எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது.

வேலை கிடைத்ததே தவிர, இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் ஒரு வருஷம் சோதனைக் காலம். வருஷ முடிவில் கண்டக்டரும் நிர்வாகி அம்மாவும் செல்லோப் பிரிவில் இருப்பவர்களும் மற்றப் பிரிவுகளிலிருந்து ஓரிருவரும் கூடி, இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். அந்த வருஷம் முழுக்கத் திரை கிடையாது.

"ஓ" சொன்ன மனிதர்தான் செல்லோப் பிரிவின் தலைவர். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைத் தாடி, மென்மையான குரல், காணும்போதெல்லாம் மகளைப் பற்றி விசாரிப்பார். முதல் மாதம் முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நல்லா வாசிக்கிறீங்க. குறையே இல்ல. ஆனா உங்க ஒலி மத்தவங்களோட சேரல. தனியா நிக்குது. கொஞ்சம் கனம். கொஞ்சம் முரடு. எப்படிச் சொல்றது... உங்க பக்கத்து வெயில் அதுல இருக்கு."

"எந்த இடத்துலன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கறேன் சார்."

"இடம்னு குறிப்பா இல்ல. மொத்தமாவே."

வீட்டுக்கு வந்து, "என் வாசிப்பு கலக்கலையாம்" என்றாள்.

"கலக்கல்னு சொன்னாரா, கலக்கலேன்னு சொன்னாரா? தெளிவாச் சொல்லுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். அவளுக்கு எதிலும் வேடிக்கைதான். ஆனால் அண்ணி சிரிக்கவில்லை என்று கண்டதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

யாராவது வெளிப்படையாகத் திட்டியிருந்தால் செல்லோக்காரி திருப்பிக் கேட்டிருப்பாள். மேளம் வாசிப்பீர்களா என்று கேட்டவர்களை எல்லாம் ஒரு வார்த்தையில் உட்கார வைத்தவள்தான். ஆனால் இது அவள் காதைப் பற்றிய புகார். கைவேலைக்காரருக்குத் தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. தந்திகளை மாற்றினாள். வில்லுக்குப் பூசும் பிசினை மாற்றினாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்து, போனில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டாள். முதல் தரம் கேட்கும்போது சரியாக இருக்கும். ஐந்தாம் தரம் கேட்கும்போது முரடாகக் கேட்கும். பத்தாம் தரம் வெயிலே அடிக்கும்.

"இதுல எது கனம், எது லேசுன்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்று கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு கேட்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டும் வேற வேறங்க!"

"நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கு முன்னாடி போ, பின்னாடி போ, படியில நிக்காத, இவ்வளவுதான் தெரியும்."

பக்கத்து நாற்காலிக்காரரும் உதவவில்லை. செல்லோக்காரர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பார்கள். அவளோடு தாளைப் பகிர்ந்துகொண்டவர் பெரிய மீசை வைத்த மனிதர். காலையில் வந்ததும் ஒரு தலையசைப்பு, போகும்போது ஒரு தலையசைப்பு. நடுவில் தாளைப் புரட்டுவதோடு சரி. அவருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சத்தமே வராமல் வாசிக்க ஆரம்பித்தாள். வில் தந்தியைத் தொடும், ஆனால் அழுந்தாது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரோடும் சேர்ந்து கை போய்வரும். கிட்ட வந்து கேட்டால் சருகு நகர்கிற அளவு சத்தம். சின்ன வயதில் அந்தப் பெரிய வாத்தியத்தைக் கட்டிப்பிடித்து வீடே அதிர வாசித்தவள், எண்பது பேருக்கு நடுவில் ஊமையாக உட்கார்ந்து வில்லை ஆட்டினாள். அப்படியும் தலைவர், "இன்னும் கொஞ்சம் கலக்கணும்" என்றார். தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. "அம்மா, நீ இப்பல்லாம் வாசிக்கும்போது பாடறதே இல்ல" என்றாள் மகள். தான் முணுமுணுத்தபடி வாசிப்பது வழக்கம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வருஷம் முடிந்து கூட்டம் வந்தது.

மண்டபத்தின் மாடியில் ஒரு நீள அறை. நீள மேஜை, தட்டில் யாரும் தொடாத பிஸ்கட், ஜன்னல் வழியே உறைக்கும் காலை வெயில். தலைப்பக்கம் கண்டக்டர். பக்கத்தில் நிர்வாகி அம்மா. இரண்டு பக்கமும் செல்லோப் பிரிவுக்காரர்கள். எதிரே தனியாக ஒரு நாற்காலியில் அவள்.

தலைவர் வழக்கமான மென்மையோடுதான் பேசினார். "திறமையில சந்தேகமில்ல. நேரத்துக்கு வர்றாங்க. தன்மையானவங்க. ஆனா கூட்டு வாசிப்புன்னு ஒண்ணு இருக்கு. நான் சும்மா சொல்றதா யாரும் நினைக்கக் கூடாது. கேட்டுடலாம்." ரேடியோவில் ஒலிபரப்பான ஒரு கச்சேரியைத் தயாராக வைத்திருந்தார். செல்லோக்கள் மட்டும் தனியாக வாசிக்கிற ஒரு பகுதியைப் போட்டார்.

எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். தலைவர் கையை உயர்த்தினார். "இதோ. இங்க. கேக்குதா? எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க, ஒரு ஒலி மட்டும் முரட்டுத்தனமா அடியில இழுக்குது. நான் குறையாச் சொல்லல. அது அவங்க ரத்தம்."

"ஆமா, கேக்குது" என்றாள் வயலின் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்.

"லேசாக் கேக்குது" என்றார் இன்னொருவர்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அது செல்லோக்காரிக்கும் கேட்டது. அடியில் யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு போவது போல, கனமாக, ஒட்டாமல். அவள் முகம் சூடாகிவிட்டது. ஆமாம், உண்மைதான், இத்தனை நாள் இவர்கள் பொறுத்துக்கொண்டதே பெரிது என்று நினைத்தாள். எழுந்து போய்விடலாம் என்றுகூடக் காலை ஊன்றினாள்.

"எந்தக் கச்சேரி இது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"பள்ளிப் பிள்ளைங்க வந்து கூடப் பாடினாங்களே, அது" என்றார் தலைவர்.

ஊன்றிய கால் அப்படியே நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பாடிய கச்சேரி. அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊஞ்சலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட மகளை மடியில் வைத்துக்கொண்டு, மாவுக்கட்டு போடக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்தாள். மத்தியானம் பதறிப்போய் நிர்வாகிக்குப் போன் செய்தாள். அவளுக்குப் பதிலாக வேறு ஆள் வாசித்தார். அந்தக் கச்சேரியில் அவள் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

வயிற்றிலிருந்து சிரிப்பு ஒன்று கிளம்பி வந்தது. இடம் பொருள் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருந்தாலும் குரலில் கொஞ்சம் கசிந்துவிட்டது.

"சார், அந்தக் கச்சேரியில நான் இல்லைங்க."

"இருந்தீங்களே" என்றார் தலைவர், சின்னக் குழந்தையைத் திருத்துவது போல. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"என் பொண்ணுக்குக் கை உடைஞ்ச அன்னிக்கு அது. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். மேடத்துக்குப் போன் பண்ணினேன்."

நிர்வாகி அம்மா நிமிர்ந்தாள். "ஆமா. நான்தான் அவசரமா ஆள் தேடினேன்." சொல்லிவிட்டு மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பினாள். "உங்களைத்தான் கேட்டேன். நீங்கதான் ஆள் அனுப்பினீங்க."

அப்போது ஒரு வருஷமாக வாயே திறக்காத மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என் பக்கத்துல உக்காந்தது உங்க சீடர்தான். கச்சேரி முடிஞ்சதும் அவர் தோளைத் தட்டி, பாலும் தண்ணியுமா கலந்துபோச்சுன்னு சொன்னீங்க. நான் அங்கதான் நின்னேன்."

தலைவர் தாடியைத் தடவினார். பதிவை ஒரு முறை பார்த்தார், அது ஏதோ தனக்குத் துரோகம் செய்துவிட்டது போல. "அப்படின்னா... வேற கச்சேரியா இருக்கும். மாத்தி எடுத்துட்டேன்."

"கச்சேரி மாறலாம் சார்" என்றாள் அவள். எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேச வரவில்லை. "கேட்ட ஒலி மாறலையே. என் ஒலின்னு நீங்க கேட்டீங்க. அவங்க கேட்டாங்க. வேற யாரையும் சொல்வானேன், எனக்கே கேட்டுது. நான் வாசிக்காத வாசிப்புல என் குறை எனக்கே கேட்டுது. ஒரு வருஷமா இந்தக் காதை வெச்சுக்கிட்டுத்தான் நான் வீட்ல ராவும் பகலும் என்னையே குத்தம் சொல்லிட்டு இருந்திருக்கேன். எனக்கு வேலை கொடுங்க, கொடுக்காம போங்க. என் கை நல்லாத்தான் இருக்கு. அது தெரிஞ்சுது, போதும்."

சொல்லிவிட்டு வெளியே வந்து நடையில் உட்கார்ந்தாள். மனசு, கனமான பெட்டியைப் பல மாடி தூக்கிக்கொண்டு ஏறிவிட்டு இறக்கி வைத்த தோள் போல, லேசாகிவிட்டது. உள்ளே என்ன முடிவானாலும் ஆகட்டும் என்று நிஜமாகவே தோன்றியது. பசித்தது. அந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

நிர்வாகி அம்மாதான் வந்து கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க. இனிமே இது உங்க இடம்."

எல்லாரும் கை தூக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. தலைவர் தூக்கவில்லை, அவரோடு இன்னொருவரும். ஆனாலும் தூக்கியவர்களே அதிகம். "ஆமா, கேக்குது" என்ற பெண் கண்கலங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் படியில் எதிர்ப்பட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க. நான் எல்லார்கிட்டயும் இப்படித்தான் கறாரா இருப்பேன்" என்றார். அவளுக்கு ஏதோ பதில் நாக்கு நுனிவரை வந்தது. இந்த மனிதருக்கு இனி தன் தூக்கத்தில் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, "வரேன் சார்" என்று இறங்கிப் போனாள். அவர் தலைவராகவேதான் இருந்தார். ஆனால் அடுத்து வந்த புதியவர்களின் சோதனைக் காலத்தில், முகம் தெரியாதபடி வாசிக்கக் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று கண்டக்டர் உத்தரவு போட்டுவிட்டார்.

வாசலில் மீசைக்காரர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"நன்றிங்க" என்றாள்.

"நன்றி சொல்லாதீங்க" என்றார் அவர், பூட்டைப் பார்த்தபடி. "முதல் மாசமே சொல்லியிருக்கணும். அவர் தயவுல வாழ்ந்து பழகிட்டேன். வாயைத் திறக்க பயம்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

கிழக்குப் பக்கம் போகிற பஸ்ஸில் அவள் கணவர்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பெட்டியோடு நசுங்கி ஏறியவளை அவர் கண்ணாலேயே என்னவென்று கேட்டார். அவள் சிரித்தபடி தலையை ஆட்டினாள். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தமே இல்லாத இடத்தில் விசிலை ஊதிவிட்டார். டிரைவர் பிரேக் போட, பஸ் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வசவு மழை. "யாராவது இறங்கணுமா, இல்லையா?" என்று டிரைவர் கத்த, "இல்லண்ணே, தெரியாம ஊதிட்டேன், போலாம் போலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார் கண்டக்டர்.

வீட்டில் நாத்தனார் கதையைக் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் தலைவரைத் திட்ட ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மகள், தன் கை உடைந்ததால்தான் அம்மாவுக்கு வேலை நிலைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். செல்லோக்காரி இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு படுத்தவள், பட்டப்பகலில், வீடு நிறையப் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில், அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். ஒருவரும் எழுப்பவில்லை.

மறுநாள் ஒத்திகை. கண்டக்டர் குச்சியைத் தூக்கினார். அவள் வில்லை அடிமுதல் நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். தரைப்பலகை வழியாகச் செருப்புக்குள் அதிர்வு ஏறியது. தானறியாமல் முணுமுணுக்கவும் தொடங்கினாள். மீசைக்காரர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். தானும் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்தி இழுத்தார். அவருக்கு முன்னாலிருந்தவரும் சேர்ந்துகொண்டார். அப்புறம் வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் குச்சியைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"செல்லோ!" என்றார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "என்ன இது சந்தைக்கடை? எல்லாரையும்தான் சொல்றேன். கொஞ்சம் அடக்கி வாசிங்க."

"சரிங்க சார்" என்று வரிசை மொத்தமும் முனகியது. எல்லாரையும்விடச் சந்தோஷமாக அவள்தான் சொன்னாள். திட்டு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.